மகனுக்கு எடுத்த ரைபிள்

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் துப்பாக்கிகள் உண்டு என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், அடுத்து என் வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள். அவரைப் பார்த்ததும் அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். கரப்பான்பூச்சியை அடிக்க நான் துடைப்பத்தை எடுத்தால், "பாவம், வெளியே தள்ளி விடு" என்கிற மனிதர் அவர். அவர் பெயரிலும் ஒரு துப்பாக்கி இருந்தது. அந்த வீட்டில் ஆணாகப் பிறந்த எல்லோருக்கும் ஆளுக்கொன்று இருந்தது.

திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நான் கல்யாணமாகி வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். மாமனாருக்குச் சாலை என்கிற பெரிய கடைவீதியில் மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம். அவருடைய அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து தொடங்கிய கடை. பொன்முடி போகிற வழியில், கல்லாற்றுக்கு மேலே கொஞ்சம் நிலமும் இருந்தது. அதில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு போட்டிருந்தார்கள். கிழங்கு இருந்தால் காட்டுப்பன்றி வரும், பன்றி வந்தால் துப்பாக்கி வேண்டும். சர்க்காரிடம் சொன்ன காரணம் இதுதான். ஆனால் பன்றியைச் சுடச் சட்டம் விடாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்து விரட்டலாம், அவ்வளவுதான். பன்றிகளும் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டன. தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் கிழங்கைத் தோண்டும் என்று மாமனாரே சொல்லிச் சிரிப்பார்.

உண்மையான காரணம் எனக்கு முதல் நவராத்திரியில்தான் புரிந்தது. அந்த ஊரில் பூஜைவைப்பு என்பார்கள். புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் சாமி முன்னால் வைத்துவிட்டு, விஜயதசமி அன்றுதான் திரும்ப எடுப்பார்கள். எங்கள் வீட்டில் தராசோடும் படிக்கல்லோடும் துப்பாக்கிகளும் பூஜைக்கு வந்தன. சிவப்புப் பட்டு விரித்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, வயது வரிசையில் கிடத்தி வைத்திருந்தார் மாமனார். முதலில் அவருடைய அப்பா வைத்திருந்த, வெடிமருந்து கிட்டித்துச் சுடுகிற பழைய துப்பாக்கி. அடுத்தது அவருடைய இரட்டைக்குழல். பிறகு என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் ஆளுக்கொரு ஒற்றைக்குழல். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அது யாருடையதோ அவர் பெயரைச் சத்தமாகச் சொன்னார். செத்துப்போய் வருஷங்கள் ஆகியும் அவருடைய அப்பா அந்த வரிசையில் முதல் ஆளாக இருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. 'இது என்ன கூத்து' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் பிடித்திருந்தது.

துப்பாக்கி எடுக்கவும், அவர்கள் பேச்சில் தோக்கு எடுக்கவும், ஒரு முறை இருந்தது. ஆண்குழந்தை பிறந்தால் இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டிப் பெயர் வைப்பார்கள். பெயர் வைத்த பிறகுதான் தாத்தா கடைக்குப் போய்ப் பேரனுக்கு ஒன்று தேர்ந்தெடுப்பார். பையன் வளர்ந்து சொந்தமாக லைசென்ஸ் வாங்கும் வரைக்கும் அது பெரியவர்கள் லைசென்ஸில் இருக்கும். பெயர் வைக்காத பிள்ளைக்கு எடுக்கக்கூடாது. பெயர் இல்லாமல் பூஜையில் எப்படிச் சொல்வது?

அந்த முறையை மாமனார் எனக்காக மீறினார். எனக்காக என்றால், என் வயிற்றில் இருந்தவனுக்காக.

கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கி, ஊர்வாயெல்லாம் ஓய்ந்த பிறகு நான் உண்டானேன். வளைகாப்பு முடிந்தும் பிரசவத்துக்கு என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாமனாருக்கு மனமில்லை. நல்ல டாக்டர் இங்கே இருக்கிறார் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். மாமியார் இல்லாத வீடு. மாதாந்தரப் பரிசோதனைக்கு அவரே என்னைக் காரில் கூட்டிப் போவார். அப்படிப் போய்த் திரும்புகிற வழியில் ஒருநாள், ஒரு நிமிஷ வேலை என்று துப்பாக்கிக் கடை வாசலில் காரை நிறுத்தச் சொன்னார். பொன்முடியில் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் ஒருவர் ஊரை விட்டுப் போகிறாராம். அவருடைய இரண்டு ரைபிள்கள் விற்பனைக்கு வந்திருந்தன. வீட்டில் இருந்ததெல்லாம் சிதறு குண்டு போடுகிற துப்பாக்கிகள். ரைபிள் என்று ஒன்று அந்த வரிசைக்கு வந்ததே இல்லை. தன் முதல் பேரனுக்கு ரைபிள்தான் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

கடைக்காரர் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். மேசைமேல் பச்சைத் துணி விரித்து இரண்டையும் வைத்தார். மாமனார் ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கத்துப் போல்ட்டைக் கழற்றி, குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். உள்ளே சுற்றிச் சுற்றிப் போகிற வரி தேயாமல் இருக்கிறதா, துரு இருக்கிறதா என்று பார்ப்பதாம். என்னையும் பார்க்கச் சொன்னார். எனக்கு ஒரு பளபளப்புத் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. பிறகு பின்கட்டையைத் தோளில் வைத்து, கன்னத்தை மரத்தில் சாய்த்து, தெருவில் போகிற பஸ்ஸைக் குறி பார்த்தார். கடைக்காரர் பதறி, "ரோட்டிலேக்கு வேண்டா, சாரே" என்று குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

ஒன்று கறுத்த மரம், கனமானது. இன்னொன்றின் மரம் பலாச்சுளை நிறத்தில் இருந்தது. மாமனாருக்கு முடிவு செய்ய முடியவில்லை. மறுபடி மறுபடி எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். எனக்குக் கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்து எரிந்துகொண்டிருந்தது.

"ஒனக்கு எது இஷ்டம், சொல்லு மோளே."

"எனக்கென்ன மாமா தெரியும்? பேரு வச்ச பெறகுதானே எடுக்கணும்?"

"அதுக்குள்ள வேற ஆளு கொண்டு போயிருவான். பயலுக்குத் தோக்கு பிடிக்கப் பிராயம் வரும்போ நான் இருப்பேனோ என்னவோ. இப்பமே எடுத்து வச்சிரலாம்."

"பொண்ணாப் பொறந்தா?"

"பொறந்தா ஒனக்க மோளுக்குச் சங்கிலி. இது அடுத்தவனுக்கு. நீ எதுன்னு சொல்லு."

வீட்டுக்குப் போனால் போதும் என்று, பலாச்சுளை நிறத்தைக் கை காட்டினேன். மாமனார் அதை எடுத்து என் மடியில் குறுக்காக வைத்தார். "பிடிச்சுப் பாரு, கனம் கொறவு" என்றார். வயிறு இடித்ததால் நான் அதைச் சரியாகப் பிடிக்கவில்லை. எடுங்க மாமா என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். உள்ளே இருந்தவன் அப்போது ஒரு உதை விட்டான். அதை நான் மாமனாரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடையிலேயே கூத்தாடியிருப்பார்.

அனுமதியெல்லாம் கிடைத்து ரைபிள் வீட்டுக்கு வந்ததும் நவராத்திரி வந்தது. மாமனார் அதையும் பட்டில் வைத்தார். சந்தனம் வைத்து, "இது எனக்க பேரனுக்கு" என்றார். "பேரு வைக்காம எதுக்குப்பா?" என்று என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நீ சும்மா இரி" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார்.

தீபாவளி கழிந்து எனக்கு வலி கண்டது. ஆண்குழந்தைதான். கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டது, அழவே இல்லை. எனக்கு நினைவு திரும்பியபோது எல்லாம் முடிந்து, மாமனாரும் என் வீட்டுக்காரரும் குழந்தையை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள். நான் பெற்ற பிள்ளையை நான் பார்க்கவில்லை, தொடவில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வருகிறது.

அந்தத் துப்பாக்கியால்தான் ஆயிற்று என்று சொந்தக்காரர்கள் குசுகுசுத்தார்கள். பெயர் வைக்காத பிள்ளைக்கு ஆயுதத்தை எடுத்து வைத்தால் விளங்குமா என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. கொடி சுற்றியதற்கு ரைபிள் என்ன செய்யும்? ஆனால் மாமனார் நம்பினார். வாசலில் நுழையும்போதே "மோளே, சாயா" என்று வீடு அதிரக் கூப்பிடுகிறவர், அதன்பிறகு சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போனார். ரைபிளைப் பழைய வேட்டியில் சுற்றி இரும்பு அலமாரியின் அடியில் வைத்துப் பூட்டினார். அடுத்த நவராத்திரிக்கு அது வெளியே வரவில்லை.

அது வெளியே வந்திருந்தால் நானே தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் என்னை அரித்தது துப்பாக்கி இல்லை. அந்த வீட்டில் ஒருத்தரும் என் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர் வைக்காத குழந்தைக்குத் திதி இல்லை, படம் இல்லை, விளக்கு இல்லை. முகம் எப்படி இருந்தது, யார் ஜாடை, தலையில் முடி இருந்ததா? வீட்டுக்காரரிடம் கேட்டேன். "வேண்டாம், விட்டுரு" என்றார். எங்கே அடக்கினீர்கள் என்று கேட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார். இரக்கமுள்ள மனிதர்தான், எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டார். பத்து மாதம் நான் மட்டும் கண்ட கனவுபோல ஆகிவிட்டது. பிறகு என் வயிற்றில் எதுவும் தங்கவில்லை.

இரண்டு வருஷம் போல இருக்கும், கொழுந்தனுக்கு ஆண்குழந்தை பிறந்தது. சந்தோஷம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அந்தக் குழந்தையை முதல் ஆளாகக் குளிப்பாட்டியது நான்தான். இருபத்தெட்டாம் நாள் பெயரும் வைத்தாயிற்று. எல்லோரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது துப்பாக்கிப் பேச்சு வந்தது. கொழுந்தன் ஒன்றும் நினைக்காமல், "அலமாரியில ஒண்ணு சும்மாதானே கெடக்கு. புதுசு எதுக்கு?" என்றான். என் வீட்டுக்காரர், "அதுவும் சரிதான்" என்றார்.

என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

"அது சும்மா கெடக்கல. அது எம்புள்ளையோடது."

இலை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கொழுந்தன் மனைவி குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள், நான் பிடுங்கிவிடுவேன் என்பதுபோல. தூக்கி எறிய நினைத்த அதே ரைபிளுக்குத்தான் நான் சண்டைக்கு நின்றேன். அதை விட்டால் அவன் வந்துபோனதற்கு அந்த வீட்டில் வேறு என்ன இருந்தது?

மாமனார் கை கழுவிவிட்டு வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், "அது அவனுக்குள்ளது. சின்னவனுக்கு வேற எடுக்கலாம்" என்றார். பிறகு என்னிடம், "நாளைக்கு நீயும் வா மோளே" என்றார். அவர் என்னை மோளே என்று கூப்பிட்டே வெகுநாளாகியிருந்தது.

அதே கடை, அதே ஸ்டூல். கால் வீங்கவில்லை என்றாலும் உட்கார்ந்துகொண்டேன். பேரனுக்கு என்றதும், போன தடவைபோலத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கடைக்காரர் ஒரு ரைபிளை எடுத்துப் பச்சைத் துணியில் வைத்தார். மாமனார் குழலுக்குள் பார்க்கவில்லை, தோளிலும் வைக்கவில்லை. இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து, மெதுவாகத் தூக்கி, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அப்படியே நின்றார்.

"கனம் கூடுதலாணோ, சாரே?" என்று கேட்டார் கடைக்காரர்.

மாமனார் என்னைப் பார்த்தார். கண் நிரம்பியிருந்தது.

"இத்தற கனம்தான் இருந்தான் மோளே. கல்லாறு வரைக்கும் எனக்க மடியிலதான் கெடந்தான்."

கடைக்காரருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் அவர் உள்ளே போய்விட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை. மாமனார் ரைபிளைக் கீழே வைக்காமலே சொல்லிக்கொண்டு வந்தார், இவ்வளவு நாளும் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல. தலை நிறைய முடி. என் மூக்கு. நெற்றி மட்டும் அவர்கள் வீட்டு நெற்றி. துணியை விலக்கிக் கால்விரல்களைப் பார்த்தாராம், இரண்டாம் விரல் என்னுடையதுபோலப் பெருவிரலைவிட நீளமாக இருந்ததாம். டவுனில் வேண்டாம், நம்முடைய மண்ணில் இருக்கட்டும் என்று கல்லாற்று நிலத்துக்குக் கொண்டுபோனதாகவும், ஓடைக்கரையில் நிற்கிற நாவல் மரத்துக்குக் கீழே கிடத்தியதாகவும் சொன்னார்.

"என்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"எந்த முகத்தோட சொல்லுவேன்? பேரு வைக்கதுக்கு முந்தி தோக்கு எடுத்தது நான்லா?"

"தோக்கு ஒண்ணும் செய்யல மாமா. அதை எடுக்கச் சொன்னதே நான்தான். எனக்கு அதனால ஒரு வருத்தமும் இல்ல. நீங்க சொல்லாம இருந்ததுதான் வருத்தம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைக்காரர் திரும்பி வந்தபோது, "இது வேண்டாம். ரைபிள் வீட்டுல ஒண்ணு இருக்கு, அது மதி" என்று சொல்லி, சின்னவனுக்கு ஒரு இரட்டைக்குழலைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

அந்த வருஷ நவராத்திரியில் ரைபிள் வெளியே வந்தது. வேட்டியை அவிழ்த்து எண்ணெய் போட்டது நான். துரு ஏறவில்லை. பலாச்சுளை நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். மாமனார் அதைச் சின்னவனுடையதற்கு முன்னால் வைத்தார். வயது வரிசைப்படி என் மகன்தானே மூத்தவன்? அவருடைய அப்பா, அவர், என் வீட்டுக்காரர், கொழுந்தன் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சந்தனம் வைத்துக்கொண்டு வந்து, ரைபிளுக்கு முன்னால் நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

"பேரு சொல்லு மோளே."

நான் ஒரு பெயர் வைத்திருந்தேன். வயிற்றில் அவன் புரள ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சொல்ல இடமில்லாமல் போய்விட்டது. அன்றைக்குச் சொன்னேன். மாமனார் மற்றப் பெயர்களைப்போலவே அதையும் சத்தமாகச் சொல்லிச் சந்தனத்தை வைத்தார். எனக்குப் பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், "இந்தப் பேரா வச்சிருந்தே?" என்று கேட்டுவிட்டுச் சின்னப்பிள்ளைபோல விம்மினார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வீட்டில் சொன்னது வீட்டில் இருக்கட்டும்.

மாமனார் இருந்தவரைக்கும் எல்லா நவராத்திரியிலும் அந்தப் பெயர் வீட்டில் கேட்டது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் அவர் போய்ச் சேர்ந்தார். லைசென்ஸ் ஒருவரோடு முடிகிற விஷயம். அவருடைய இரட்டைக்குழலையும் பழைய துப்பாக்கியையும் அண்ணனும் தம்பியும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். ரைபிளுக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. பன்றியை விரட்ட ரைபிள் எதற்கு என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். அதற்கு என் வீட்டுக்காரர் என்ன பதில் சொல்வார்? கடையில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஆயிற்று.

அன்றைக்கு நானும் வருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைவாசலில் காரை நிறுத்திவிட்டு, பின்சீட்டிலிருந்து எடுக்கக் கை நீட்டினார். "நான் கொண்டு வாரேன்" என்றேன். பழைய வேட்டியில் சுற்றியிருந்ததை இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்கி, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். மடியில் வைத்தபோது சரியாகப் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்ததை அன்றைக்குத்தான் முழுசாகப் பிடித்தேன். இத்தற கனம்தான். காரிலிருந்து கடைப்படி வரைக்கும் கொஞ்ச தூரம்தான். நான் மெதுவாகத்தான் நடந்தேன். வெயில் படாமல் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

கடைக்காரருக்கு வயதாகியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. மேசையில் பச்சைத் துணியை விரித்துவிட்டு, வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

"ஒரு நிமிஷம்" என்றேன்.

அவர் கையை மடக்கிக்கொண்டு காத்திருந்தார். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்றார். பிறகு அவர் மெதுவாக, வேட்டி விலகியிருந்த இடத்தில் கையை வைத்து, எங்கள் மகனின் பெயரைச் சொன்னார். நான் கொடுத்துவிட்டேன்.